முள் இல்லாத மீன்

எங்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற தோல் பறி கிழிந்து போனதில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. ஆனி மாசத்துக் காற்று மலையிலிருந்து இறங்கிச் சுழற்றி அடிக்கிறது, காட்டில் மிளகாய் நாற்று தண்ணீரில்லாமல் தலை சாய்ந்து நிற்கிறது, புதுப் பறி தைக்கத் தோல் கிடைக்கவில்லை. சண்டைக் காலம். இருக்கிற தோலெல்லாம் பட்டாளத்துக்காரன் காலுக்குப் போய்விட்டது. சேலத்தில் ஒரு சாயபு கடையில் கிடைக்கும் என்றார்கள். நான் வீட்டில் ஆள் மாற்றி ஆள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். என் பெண்சாதி சென்னம்மாள், "பறி கிழிஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணட்டும், என் தோலை உரிச்சுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ராசப்பன் பெண்டாட்டி பிள்ளையோடு மலையை விட்டு இறங்கி எங்கள் வாசலில் வந்து நின்றான்.

ராசப்பன் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுக்காரன். அவன் அப்பன் காலத்திலிருந்தே பலாப்பழமும் மிளகும் தேனும் சுமந்துகொண்டு இறங்கினால் எங்கள் மாட்டுக்கொட்டாயில் படுத்து எழுந்துதான் சந்தைக்குப் போவார்கள். எங்கள் ஊர் அடிவாரத்தில் இருக்கிறது, மலைக்காரர்களுக்கு இறங்குதுறை மாதிரி. ராசப்பன் நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு வார்த்தை கேட்டால் பதில் வருவதற்குள் நமக்கு ஒரு வெற்றிலை போட்டு முடிந்துவிடும். அன்றைக்குத் தலையில் ஒரு பலாப்பழம். பின்னால் அவன் பெண்டாட்டி அத்தாயி, தோளில் தூளி கட்டி அதற்குள் பிள்ளை.

சென்னம்மாள்தான் தூளியை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏ அம்மிணி, என்ன இது, பிள்ளை இப்படி இருக்குது? எப்பப் பொறந்தது?"

"சித்திரையிலீங்கக்கா. பொறக்கறப்ப நல்லா இருந்துச்சு. எனக்குக் காச்சல் வந்துருச்சு. மலைக்காச்சல். காச்சல் விட்டு எந்திரிச்சுப் பாத்தா பால் இல்லீங்க."

"ஒரு சொட்டுமா இல்ல?"

"இழுத்து இழுத்துப் பாக்குது, அழுவுது. ஆட்டுப்பால் குடுத்தேன், கக்கிருச்சு. ராயிக்கூழுத் தெளிவு குடுத்தேன், வயித்தால போவுது. பக்கத்தூட்டு பாப்பாத்தி ரெண்டு நாள் குடுத்தா. அவளுக்கே ரெட்டைப் பிள்ளைங்க்கா, எத்தனைக்குன்னு குடுப்பா?"

பெண் குழந்தை. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. அழுதால் பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. சேந்தமங்கலத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த சூரணத்தை அத்தாயி தின்று தீர்த்துவிட்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இனி வேறு யாரையாவது பார்க்கலாம் என்றுதான் இறங்கி வந்திருக்கிறார்கள். யாரை என்று கேட்டால் ராசப்பனுக்குத் தெரியவில்லை.

சென்னம்மாள் யோசிக்கவே இல்லை. "பால்சுறாப் புட்டு தின்னாப் பால் சுரக்கும். எங்க சின்னவளுக்குச் சேலத்துல அப்படித்தான் சுரந்துச்சு. டவுன் டேசன் பக்கத்துல ஒரு கடக்கரைப் பொம்பளை சாப்பாட்டுக் கடை வெச்சிருக்குது. விருத்தாசலம் ரயில்ல ஐஸ் போட்டுக் கடலூர் மீன் வருது. இந்த மனுசன் நாளைக்குத் தோல் வாங்கத்தான் போறாரு. நீங்களும் கூடப் போங்க" என்றாள்.

ராசப்பன் பலாப்பழத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை. சுமந்தபடியே, "அக்கா, எங்க ஊட்டுல மீன் ஆகாதுங்க" என்றான்.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அறப்பளீஸ்வரர் கோயில், அதை ஒட்டி ஐயாறு. அந்த ஆற்று மீன்தான் அவர்களுக்குச் சாமி. எப்போதோ ஒருத்தன் அந்த மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தானாம். கொதித்துக்கொண்டிருந்த துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, உயிர் வந்து, சட்டியை விட்டுத் துள்ளி ஆற்றில் விழுந்து நீந்திப் போயினவாம். அன்றைக்கிருந்து ராசப்பன் வீட்டு ஆட்கள் எந்த ஊர் மீனையும் தொடுவதில்லை. பிள்ளை பிறந்தால் ஆற்றுக்குப் போய் மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் பிள்ளைக்குப் பேரே வைப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அதுகூட இன்னும் ஆகவில்லை.

"அது ஆத்து மீனு, இது கடல் மீனுடா" என்றேன்.

"மீனு மீனுதானுங்களே."

"பிள்ளை செத்துப் போனாப் பரவால்லையா?" என்று கத்திவிட்டேன். சென்னம்மாள் என்னை முறைத்தாள்.

அத்தாயி அதுவரை தலையைத் தூக்கவில்லை. தூளியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டு, "சேலம் எம்புட்டு தூரமுங்கண்ணா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள், அது புகைந்தால்தான் வண்டி நகரும். கண்டக்டர் பலாப்பழத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் டிக்கெட் வாங்கு" என்றான். மேலே கட்டடா என்றேன். அத்தாயி பிள்ளை முகத்தில் புகை படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ராசப்பன் அதற்கு முன் பஸ்ஸில் ஏறியதில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தவன் விடவே இல்லை.

ராசிபுரம் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆம்பிளைகளை எல்லாம் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். தள்ளிக்கொண்டே ராசப்பன் என் காதோரம் வந்தான்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு யோசிச்சேன்."

"சொல்லு. தள்ளிக்கிட்டே சொல்லு."

"சதையை மட்டும் தின்னுட்டு, தலை, நடுமுள்ளு, வாலு எல்லாம் ஒடையாம எடுத்து வெச்சுக்கிட்டா, கொண்டு போய் நம்ம ஆத்துல உட்டுறலாமுங்க. சாமி பொருத்திக்கும். ஒரு தடவை பொருத்துனதுதானே."

"கடல் மீனு உங்க ஆத்துல வந்து என்னடா பண்ணும்?"

"அது சாமி பாடுங்க. நாம திருப்பிக் குடுத்துட்டோமில்ல, அது போதும்."

அத்தாயியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டிருப்பான் போல. வண்டிக்குள் ஏறினதும் அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எப்படியோ தின்றால் சரி என்று விட்டுவிட்டேன்.

தோல் கடை சாயபு, அடுத்த வாரம் வாங்க கவுண்டரே, சரக்கு வரும் என்று கையை விரித்துவிட்டார். அந்த எரிச்சலோடுதான் மீன் கடைக்குப் போனேன்.

டவுன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு சாய்ப்பு. உள்ளே நாலு பெஞ்சு. மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வே ஆட்கள், லாரிக்காரர்கள் என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பின்பக்கம் அடுப்பு. குழம்பு கொதிக்கிற வாசனையில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அத்தாயி வாசற்படியிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கும் அந்த நெடி ஆகவில்லை, வீறிட ஆரம்பித்தது.

ஒரு லாரிக்காரன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "எம்மா, பிள்ளையை வெளியே எடுத்துட்டுப் போ, நிம்மதியாத் தின்ன முடியல" என்றான்.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "யோவ், உங்க ஆத்தா உன்னைப் பெத்தப்ப நீ பாட்டா பாடினே? அழுவுற பிள்ளைதான் பால் குடிக்கும். நீ குனிஞ்சு துண்ணு."

அவள்தான் கடைக்காரி அஞ்சலை. கறுத்த, எலும்பு கனத்த பொம்பளை. கையில் கரண்டி, இடுப்பில் சுருக்குப்பை. அத்தாயியையும் பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தாள், விஷயம் விளங்கிவிட்டது. "பால் இல்லியா? வா, இப்படிக் குந்து. காலையிலதான் பால்சுறா வந்துச்சு" என்று மூலை பெஞ்சில் இருந்தவனை எழுப்பி விட்டாள். ராசப்பன் பலாப்பழத்தை அவள் காலடியில் வைத்தான். "எங்க மலைப் பழமுங்க" என்றான். அஞ்சலை குனிந்து மோந்து பார்த்து, "கூழைப் பழமா, வருக்கையா?" என்று கேட்டாள். கெட்டிச் சுளை, வருக்கைதான் என்றதும் சிரித்தாள்.

அத்தாயி சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை என் மடியில் போட்டார்கள். நான் நாலு பிள்ளை பெற்றவன், ஒன்றையும் தூக்கி வளர்த்தவனில்லை. அது என்னைப் பார்த்துக் கத்தியது, பிறகு என் வேட்டியில் ஈரம் பண்ணியது. கையில் கனமே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. இந்தப் பிள்ளை இன்னும் பத்து நாள் தாங்காது என்று தோன்றியது.

புட்டு வந்தது. சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, உரித்த பூண்டும் சின்ன வெங்காயமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் வதக்கிக் கிளறியது. பார்ப்பதற்குத் தேங்காய்ப்பூப் போட்ட உப்புமா மாதிரிதான் இருந்தது. கூட ஒரு கை சோறு. அரிசிக்குத் தட்டுப்பாடு, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது.

அத்தாயி இலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு விரலால் புட்டை ஓரம் தள்ளித் தேடினாள். இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். ராசப்பனும் குனிந்து பார்த்தான்.

"ஏனுங்க," என்றான் அஞ்சலையிடம், "முள்ளு எங்கீங்க?"

"முள்ளா? இதுல முள்ளே கிடையாதுப்பா. பயப்படாம துண்ணச் சொல்லு. பிள்ளை பெத்தவளுக்குன்னே ஆண்டவன் முள்ளில்லாம பண்ணி வெச்சான்."

ராசப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "முள்ளே இல்லீங்களா?"

"சுறாவுக்கு ஏது முள்ளு?"

அத்தாயி இலையைத் தள்ளி வைத்துவிட்டாள். எழுந்து நின்றாள். "வேண்டாமுங்கண்ணா. பிள்ளையைக் குடுங்க. போலாம்."

"உக்காரு" என்றேன்.

"எதை வெச்சுப் பொருத்தும் சாமி? ஒண்ணுமே இல்லையே. நான் தின்னா அது தின்னதுதான். அந்தப் பாவம் பாலா வந்து பிள்ளை வயித்துக்குத்தானே போவும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை தூரம் கரிப்புகை தின்று, பஸ்ஸைத் தள்ளி, இலை முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு முள் இல்லை என்று எழுந்து போகிறாள்! "முள்ளு குத்துதுன்னு அழுவறவனைப் பாத்திருக்கேன், முள்ளு இல்லைன்னு அழுவறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று இரைந்தேன். கடையே சிரித்தது. எதிர் பெஞ்சுக்காரன், "நான் வேணா என் கெண்டை முள்ளைத் தரட்டுமா?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள்.

அஞ்சலை சிரிக்கவில்லை. ராசப்பன் பக்கம் திரும்பி, "இன்னா விசயம், சொல்லு" என்றாள். அவன் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். ஆறு, மீன், சட்டியிலிருந்து துள்ளியது, தலையும் முள்ளும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம். அவள் கரண்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"துண்டு துண்டாப் போனது பொருந்துமா?" என்றாள்.

"பொருந்துமுங்க. ஆனா தலையும் வாலுமாவது வேணுமுங்க."

அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு அத்தாயி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கட்டுமரத்துல போனவரு திரும்பி வரல. கரையில ஒரு கட்டை கூட ஒதுங்கல. பதினாறாம் நாளு வெறும் வேட்டியை வெச்சுக் காரியம் பண்ணோம். அன்னியிலேந்து நான் சுறாவை வெட்றேன், ஆக்கறேன், ஊருக்கெல்லாம் போடறேன். நாக்குல வெக்கிறதில்ல. எது வயித்துல இன்னா இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? என்னையும் இதுக்குச் சிரிச்சிருக்காங்க. அதனால நீ சொல்றது எனக்குப் புரியுது தாயி. ஆனா நீ பிள்ளைக்காரி. இரு."

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கழிவுக் கூடையைக் கிளறுகிற சத்தம் கேட்டது. ஒரு முறத்தோடு வந்தாள். அதில் சுறாத் தலை, துடுப்பு, வால், உரித்த தோல், வெள்ளையாய் ஒரு தண்டு. பெஞ்சின் மேல் ஒரு இலை போட்டு, முதலில் தலை, அதை ஒட்டித் தண்டு, கடைசியில் வால் என்று வரிசையாக வைத்தாள்.

"இதுக்கு எலும்பு கெட்டியா இருக்காது. குருத்து. இதுதான் இதோட முள்ளு. பாத்துக்கோ, உன் இலையில கீறதோட மிச்சம் இதுதான். ஒண்ணும் தெருவுக்குப் போவல."

லாரிக்காரன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தாயி கையை நீட்டித் தண்டைத் தொட்டாள், வளைத்துப் பார்த்தாள், தலையைத் திருப்பி இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காத சாமி. பிள்ளைக்குத்தான்" என்று சொல்லி முதல் வாயை எடுத்து வைத்தாள். குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வாய். ராசப்பன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். அந்த நேரத்தில் என்னையறியாமல் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அது தூங்கிவிட்டது.

ஒரு இலையில் பால் வந்துவிடாது என்று அஞ்சலை சொன்னாள். "இங்கியே தங்கட்டும். பின்கட்டுல இடம் கீது. அதுவரைக்கும் எங்க சந்துல பிள்ளை பெத்தவ ஒருத்தி கீறா, அவகிட்ட ஒரு வேளை ரெண்டு வேளை வாங்கிக் குடுக்கலாம். இவன் தண்ணி எடுக்கட்டும், வெறகு பொளக்கட்டும். எனக்கும் ஆளில்லை." நான் மட்டும் தோலும் இல்லாமல் ஈர வேட்டியோடு ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் போனேன். சாயபு தோலைக் கொடுத்தார். ஒரு சாண் குறைச்சல்தான், ஆனாலும் கிடைத்ததே. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், ராசப்பன் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு குச்சி. ஓட்டின் மேல் உப்புத் தடவிய சுறாத் தலைகள் வரிசையாகக் காய்கின்றன. காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"அத்தாயி தின்னதெல்லாமுங்க. பச்சையா வெச்சா மலை வரைக்கும் தாங்காதுன்னு இந்தக்காதான் உப்புப் போட்டுக் காயவெக்கச் சொன்னாங்க. ஒவ்வொண்ணும் அதோட வாலோட வாழை நாருல கட்டி வெச்சிருக்கேன். மாறிப் போயிருச்சுன்னா சாமிக்குக் கஷ்டமில்லீங்களா?"

தோலைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். அவனிடம் பேசி ஜெயித்தவன் யார்?

உள்ளே அத்தாயி சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் பிள்ளை. சேலை நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். "வந்துருச்சுங்கண்ணா. முந்தாநேத்துச் சாயங்காலம் வந்துருச்சு" என்றாள். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை வெளியே காட்டாமல், "பூண்டை ஒழுங்கா உரி, தோல் ஒட்டிக்கிட்டு இருக்குது பாரு" என்றேன்.

ஆனால் அவளுக்குப் பயம் போகவில்லை. "இதுங்களைக் கொண்டு போய்ச் சேக்கற வரைக்கும் எனக்கு மனசே ஆறாதுங்க. குடுத்த பாலைச் சாமி திருப்பி எடுத்துக்கிட்டா என்ன பண்றது?" என்றாள்.

கிளம்பும்போது அஞ்சலை பிள்ளையை வாங்கி நெற்றியில் முகர்ந்தாள். தலைகள் கட்டிய சாக்கைத் தானே தூக்கி ராசப்பன் தலையில் வைத்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கவுண்டரே, நீங்க அடிக்கடி வர்றவரு. அந்த ஆத்துல போட்டதும் இன்னா ஆச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லணும். பொருந்துச்சா இல்லியான்னு" என்றாள். ஏதோ கடன் வாங்கியவனைப் போல் சரி சரி என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் அந்தச் சாக்கு கிளப்பிய நாற்றத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை வலிக்கும். கண்டக்டர் சாக்கை வெளியே வீசு என்றான். பலாப்பழத்துக்குத் தகராறு பண்ணிய அதே ஆள்தான். "கை வெச்சுப் பாருடா" என்று எழுந்துவிட்டேன். "கோயிலுக்குப் போற சாமான்டா இது. உன் கரி அடுப்பு மட்டும் மல்லிகைப்பூவா மணக்குது?" கடைசியில் சாக்கு என் மடியில்தான் வந்தது. அதற்கு மேல் புதுத் தோல். என் பக்கத்தில் ஒருத்தனும் உட்காரவில்லை.

நான் எதற்காக மலை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பறி தைக்க வேண்டிய வேலை கிடக்கிறது. சென்னம்மாள்தான், "கூடப் போய்ப் பாத்துட்டு வாங்க, நான் ஆளை உட்டுப் பறி தெக்கச் சொல்றேன்" என்றாள். விடிந்து புறப்பட்டோம். காலுக்கடியில் கல் உருளுகிற தடம். பாதி ஏற்றத்திலேயே எனக்கு முட்டி கழன்றுவிட்டது. ராசப்பன் சாக்கோடு முன்னால் போய்க்கொண்டே இருந்தான். அத்தாயி மட்டும் அங்கங்கே மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேலே போகப் போகக் குளிர்ந்தது, சாரல் விழுந்தது. அவள் சேலைத் தலைப்பை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றி இன்னொரு மடிப்பு போட்டாள்.

ஐயாற்றில் முழங்கால் தண்ணீர். கோயிலுக்குக் கீழே பாறை மறித்து ஒரு மடு. ஆள் நிழல் பட்டதும் மீன்கள் கும்பலாக வந்துவிட்டன, பொரி என்று நினைத்து. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ராசப்பன் பிள்ளையை வாங்கிக்கொண்டு கரையில் நின்றான். அத்தாயி தண்ணீரில் இறங்கினாள். சாக்கை அவிழ்த்து ஒவ்வொரு கட்டாக எடுத்து, தலை மேல்பக்கம், வால் கீழ்ப்பக்கம் பார்த்து, தண்ணீருக்கடியில் மணலில் படுக்க வைத்தாள்.

"பொருத்திக்க சாமி. எல்லாம் இருக்குது, பாத்துக்க. நான் ஒண்ணும் மறைக்கல" என்றாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான் பார்த்தேன். துள்ளிவிடுமோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு பெரிய மீன் வந்தது. ஒரு தலையை முட்டியது. விலகிப் போய்த் திரும்பி வந்து ஒரு கடி கடித்து இழுத்தது. உடனே இன்னொன்று. பிறகு மடுவில் இருந்த மீனெல்லாம் மேலே விழுந்து பிய்க்க ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கிவிட்டது. நார் அறுந்து மேலே மிதந்தது. குருத்துத் தண்டைக்கூட இரண்டு மீன் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

"ஐயோ சாமி! ஐயோ சாமி!" என்று ராசப்பன் கரையில் குதித்தான். "தின்னுதே! சாமியே மீனைத் தின்னுதே!" பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது.

காலை இடித்துக்கொண்டு ஓடுகிற மீன்களுக்கு நடுவில் அத்தாயி அசையாமல் நின்றாள். அழப் போகிறாள் என்று நான் இரண்டு அடி தண்ணீரில் இறங்கினேன். அவள் திரும்பினாள். முகத்தில் அழுகை இல்லை.

"பாருங்கண்ணா," என்றாள், "சாமிக்கும் பசிக்குது."

மேலேறி வந்து பாறையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது. மளக் மளக்கென்று அது விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. ராசப்பன் மட்டும் இன்னும் மடுவைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தான். கலங்கல் தெளிந்தது. மணலில் ஒன்றும் இல்லை.

நான் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "அந்தக் கடைக்காரி கேப்பாளே அம்மிணி, என்ன ஆச்சுன்னு. தின்னு தீத்துருச்சுன்னு சொல்லவா?" என்றேன்.

அத்தாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. அந்தக்கா ஊட்டுக்காரரு கடல்ல போனவரு. பொருந்திருச்சுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் எங்கீங்கண்ணா? ஒண்ணுகூட மிச்சமில்லையே. மீனுக்குள்ளதானே போயிருக்குது. மீனாத்தானே நீந்திக்கிட்டிருக்குது, பாருங்க."

பார்த்தேன். நீந்திக்கொண்டுதான் இருந்தன.

ஆவணியில் மறுபடி சேலம் போனேன். அஞ்சலை கடையில் கூட்டம். அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "பொருந்திருச்சு ஆத்தா. தண்ணியில போட்டதும் நீந்திப் போயிருச்சு" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாமேவா?" என்றாள்.

"எல்லாமே" என்றேன்.